உள்ளான்கள் சாப்பிடும் நேரம்

ஐப்பசி பிறந்தால் எங்கள் கடலோரக் களப்பில் உள்ளான்கள் வந்து இறங்கிவிடும். சம்பூரில் மீளக் குடியேறிய பிறகு ஒரு வருடமும் நான் அதைத் தவறவிட்டதில்லை. எங்கேயோ வடக்கே பனி நாட்டிலிருந்து பறந்து வருகிற, கைக்குள் அடங்கும் குருவிகள். வந்து சேரும்போது நெஞ்செலும்பு துருத்திக்கொண்டிருக்கும். முதல் சில நாட்கள் அவற்றுக்கு ஒரே வேலைதான்: சேற்றைக் கிண்டிக் கிண்டிப் புழு தின்பது. அப்போது வயிறு நிரம்பாவிட்டால் தேறாது. பறவைகளைக் குழப்பக் கூடாது என்று கரையில் பலகையும் நட்டிருக்கிறார்கள், மூன்று மொழியிலும்.

அந்தச் சனிக்கிழமை, என்னோடு படிப்பிக்கும் கிண்ணியாத் தோழியும் நானும் கண்டல் மர நிழலில் இருந்து, அவளுடைய தொலைநோக்கியால் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாரி மழை இன்னும் பிடிக்கவில்லை. சேறு முழுக்க உள்ளான்கள், தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தன.

பலகைக்குப் பக்கத்திலேயே ஒரு வான் வந்து நின்றது. முழங்கை நீள லென்ஸோடு ஒரு தம்பி இறங்கினார். இரண்டு படம் எடுத்தார், திருப்தி இல்லை. குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்துக் கூட்டத்தின் நடுவில் எறிந்தார். அவ்வளவும் கீச்சிட்டுக்கொண்டு எழும்ப, கமரா படபடவென்று அடித்தது. சுற்றிவந்து இறங்கின. திரும்பவும் எறிந்தார். மூன்றாம் தரம் எழும்பியவை கடல் பக்கம் போய்விட்டன.

எனக்கு உச்சந்தலை கொதித்தது. "தம்பி, ஏன் எறியிறீங்கள்?" என்று கத்தினேன்.

"பறக்கேக்கதான் அக்கா படம் வடிவா வரும். அதுகள் திரும்பி வரும்தானே."

திரும்பி வருமாம். இவர் அழைத்தால் வருமாக்கும். எங்கள் பக்கத்தில் சாப்பாட்டில் இருக்கிற ஆளை யாரும் எழுப்ப மாட்டார்கள். சண்டைக்கு வந்தவர்கூட வாசல் படலையடியில் காத்து நிற்பார். கை கழுவிய பிறகுதான் தொடங்குவார். இவ்வளவு பெரிய லென்ஸ் வாங்கத் தெரிந்தவருக்கு இது தெரியாதா?

அதற்குள் அவர் வான் கதவடியில் குந்திச் சோற்றுப் பார்சலை அவிழ்த்துவிட்டார். நான் எழுந்தேன். பின்னால் போய்க் காதடியில் கையைத் தட்டி, சோறும் கறியுமாக அவரைத் துள்ளி எழும்ப வைக்க வேண்டும் என்றுதான் போனேன். தோழி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"உடுங்க டீச்சர். மனிசன் திண்டு முடிக்கட்டும்."

நின்றேன். வெயிலில் பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் ஆறுதலாகப் பிசைந்து பிசைந்து உண்பதைப் பார்த்து நின்றேன். "நீங்களும் சாப்பிடுங்கோ அக்கா" என்று வேறு கேட்டார். சேற்றில் ஒரு உள்ளானும் இல்லை. அவர் கை கழுவினார், துடைத்தார், ஏவறையும் விட்டார்.

"சாப்பிட்டாச்சோ?"

"ஓம் அக்கா."

"முடியுமட்டும் நான் உங்களை எழுப்பேல்லை. கண்டனீங்கள்தானே?"

அவருக்கு விளங்கவில்லை. என்னைச் சமாதானப்படுத்த நினைத்தாரோ என்னவோ, கமராவைத் திருப்பிப் படத்தைக் காட்டினார். வடிவான படம். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நடுவில் இருந்த ஒன்றைப் பெருமையோடு பெரிதாக்கினார். சிறகு முழுவதும் விரிந்திருந்தது. அலகில் பாதி விழுங்கிய புழு தொங்கியது.

போர்க்காலத்தில் ஊரில் ஷெல் விழத் தொடங்கிய அன்று நாங்களும் மத்தியானச் சோற்றில்தான் இருந்தோம். அப்படியே எழுந்து வெருகல் பக்கம் நடந்தோம். வழியில் தண்ணீரைக் கண்ட இடத்தில்தான் கை கழுவினேன். சோறு விரல்களில் காய்ந்து ஒட்டியிருந்தது. உரசி உரசித்தான் எடுத்தேன்.

"படத்தை அழிக்கட்டே அக்கா?" என்று கேட்டார், என் முகத்தைப் பார்த்து.

"வேண்டாம். பெரிசாப் பிரிண்ட் அடிச்சு, வீட்டில சாப்பாட்டு மேசைக்கு நேரே மாட்டுங்கோ" என்றேன்.