மாமாவின் தோளும் எதிர்காற்றும்

என் அக்கா வீட்டுக்காரருக்கு எங்கள் தெருவில் ‘காத்து’ என்று பெயர். ஏசி மெக்கானிக் என்பதால் வந்தது என்று புதிதாகக் குடிவந்தவர்கள் நினைப்பார்கள். பெரிய கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் குளிர்காற்று போகும் தகரக் குழாய்களை வெட்டி வளைத்து மாட்டுவது அவர் தொழில்தான். ஆனால் பெயருக்குக் காரணம் அது இல்லை. மனிதர் எதைப் பார்த்தாலும் அதன் மேல் காற்று எப்படிப் படும் என்றுதான் யோசிப்பார். நான் ஆசையாகப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றால், “காலர் தூக்கிட்டு நிக்குது மாப்ள, காத்து புடிக்கும்” என்பார். நான் என்ன பறக்கவா போகிறேன்? சின்ன லோடு வண்டியில் சோபாவும் பீரோவும் ஏற்றி இறக்குகிறவன் நான்.

ஆரம்பத்தில் அவர் காற்றை நினைக்கவே இல்லை, எஞ்சினுக்குள் எத்தனை குதிரைசக்தி என்று மட்டும் நினைத்தார். பார்சல் கம்பெனி ஒன்று ஓட்டித் தேய்த்துக் கழித்துப்போட்ட 125 சிசி பைக்கைப் பழைய இரும்புக்கடையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஊருக்கு வெகு தொலைவில் வற்றிப்போன உப்பு ஏரி ஒன்று இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளைவெளேரென்று தட்டையாகக் கிடக்கும். வருஷத்துக்கு ஒரு முறை அங்கே வேகப் பைத்தியங்கள் எல்லாம் கூடி, யார் வண்டி அதிக வேகம் என்று அளந்து பார்ப்பார்கள். அந்தச் சின்ன எஞ்சின் வகையில் அப்போதிருந்த சாதனை மணிக்கு 238 கிலோமீட்டர். அதைத் தாண்ட வேண்டும், தாண்டும்போது வண்டியை அவரே ஓட்ட வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் மாமாவுக்கு வந்த ஆசை இது.

கடையில் விற்கும்போது பதினோரு குதிரைசக்தி இருந்த எஞ்சினை இருபத்து நான்குக்குக் கொண்டுவர அவருக்குப் பல வருஷம் பிடித்தது. உடைந்த பிஸ்டன்கள் வீடெங்கும் உருண்டன. ஒன்றில் அக்கா பல்துலக்கும் பிரஷ்களை வைத்திருந்தாள். இவ்வளவு பாடுபட்டு ஏரிக்குப் போய், டேங்க் மேல் பல்லிபோல ஒட்டிப் படுத்து ஓட்டியும் வண்டி 170-ஐத் தாண்டவில்லை. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் வண்டியில் திரும்பி வந்தார்.

வழியில் திடீரென்று, “மாப்ள, கைய ஜன்னலுக்கு வெளிய நீட்டு” என்றார்.

நீட்டினேன். உள்ளங்கையை முன்னால் காட்டியதும் காற்று பிடித்துப் பின்னால் தள்ளியது. கத்திபோலத் திருப்பியதும் விட்டுவிட்டது.

“அவ்வளவுதான் விஷயம். வேகம் ரெண்டு மடங்காகணும்னா குதிரை எட்டு மடங்கு வேணும். நான் எங்க போவேன் எட்டு மடங்குக்கு? காத்து கண்ணுல படாம போயிடணும்.”

எட்டு மடங்கா என்று அவரை நான் மூன்று முறை கேட்டேன். சமாதானமே ஆகவில்லை. அதுவரை வெற்றிடம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒன்று, வேகமாகப் போகப் போகச் சுவராகிவிடும் என்பது எனக்குப் பயமாகக்கூட இருந்தது. அன்றிலிருந்து ரோட்டில் போகும்போதெல்லாம் எதையோ இடித்துக்கொண்டே போவதுபோல ஓர் எண்ணம்.

அக்கா வீட்டு முன்னறையிலிருந்து சோபா வெளியே போனது, கூடு உள்ளே வந்தது. வண்டி முழுவதையும், ஓட்டுகிற ஆளையும் சேர்த்து மூடும் ஒரு நீளக் கூடு. ஆள் காலை முன்னால் நீட்டி மல்லாந்து படுத்துக்கொள்ள வேண்டும். முன்பக்கம் உருண்டையாக, பின்பக்கம் நீளமாகக் கூம்பிக்கொண்டே போகும். மிச்சமிருந்த பச்சைப் பெயின்டை அடித்ததால் தெருப் பிள்ளைகள் அதற்கு ‘வெள்ளரிக்காய்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் கட்டிலில் உட்கார்ந்து வெள்ளரிக்காயைப் பார்த்துக்கொண்டு காபி குடித்தார்கள்.

கூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அக்கா பாதியில் விட்டிருந்த ஸ்வெட்டரைப் பிரித்து, சிவப்புக் கம்பளி நூலை விரல் நீளத்துக்கு வெட்டி மேலெல்லாம் ஒட்டினார். வண்டிக்கு அம்மை போட்டதுபோல இருந்தது. அதைத் தூக்கி என் லோடு வண்டியின் மேல் கட்டி, ஆளில்லாத ரோட்டில் நான் ஓட்ட, அவர் நண்பர் ஒருவரோடு பக்கத்தில் காரில் வந்து படம் பிடித்தார். அன்று சாயங்காலம் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத காற்று அந்த நூல்களில் தெரிந்தது. மூக்கிலிருந்து கிளம்பி, ஒவ்வொரு நூலையும் படிய வாரிக்கொண்டு, பின்னால் போய்ச் சேர்ந்தது. அக்கா வீட்டு முன்னறையில் ஒருவர் தகரத்தையும் ஃபைபரையும் வைத்துக் காற்றுக்குத் தலைவாரிவிட்டிருக்கிறார். கைதட்ட வேண்டும்போல இருந்தது.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் நூல்கள் பேயாடின. கூட்டின் இரண்டு பக்கத்திலும், மாமாவின் தோள் வரும் இடத்தில் இருந்த புடைப்புக்குப் பின்னால்.

மறுநாளிலிருந்து மாமா ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினார். வெள்ளரிக்காய் தின்று வெள்ளரிக்காய்க்குள் படுக்கப் போகிறார் என்று நான் கேலி செய்தேன். கன்னம் ஒட்டியது, தொப்பை காணாமல் போனது, பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. கூட்டைக் கொஞ்சம் ஒடுக்கிவிட்டு உள்ளே இறங்கினால் தோள் மட்டும் அப்படியே இடித்தது. கடைசியில் அக்காதான் உடைத்துச் சொன்னாள். அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள்.

“அது கொழுப்பு இல்லைங்க, எலும்பு. நான் தினமும் பாக்கறேன். பட்டினி கெடந்தா எலும்பு சிறுத்துடாது.”

மாமா ஒரு வாரம் கூட்டையே சுற்றிச் சுற்றி வந்து டேப்பால் அளந்துகொண்டிருந்தார். எனக்குக் கோபமாக வந்தது. ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

“மாமா, கூட்ட ரெண்டு விரல் அகலமா விட்டா என்ன கெட்டுப்போச்சு? ரெக்கார்டு வேணாம். நீங்க ஓட்டுங்க, போதும்.”

“ரெண்டு விரல் விட்டா 225 போகும். அதுக்கு மேல தலைகீழா நின்னாலும் போகாது.”

“போகட்டுமே. நீங்க போகணும்னுதானே செஞ்சீங்க?”

“நான் போகணும்னுதான் செஞ்சேன்.” கூட்டைத் தடவிக்கொண்டே சொன்னார். “ஆனா அது எவ்வளவு போகும்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சே மாப்ள. தெரிஞ்சுக்கிட்டே குறுக்க நிக்கச் சொல்றியா?”

பிறகு ரம்பத்தை எடுத்தார். என் கண்ணெதிரிலேயே கூட்டின் இரண்டு பக்கத் தோளையும் அறுத்துப் போட்டார். இத்தனை வருஷத்து ஆசையை ஒரு மனிதர் தன் கையாலேயே அறுப்பதை அன்றுதான் பார்த்தேன். அழக்கூட இல்லை. கண்ணில் தூள் விழாமல் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே அறுத்தார். அதற்கு முன் அவர் எனக்கு அக்கா வீட்டுக்காரர், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் முன்னால் எனக்குக் கேலிப் பேச்சு சுலபமாக வரவில்லை.

அன்று அக்கா டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் போய் நின்று டேப்பால் அவள் தோளை அளந்தார்.

“என்னங்க, சட்டை தைக்கப் போறீங்களா?”

“வண்டி.”

அக்கா டிவியை நிறுத்தினாள். அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, “நல்லா அளந்துக்குங்க” என்றாள்.

அக்கா குட்டையானவள், ஒல்லி. ஆஸ்பத்திரிக்கு ஸ்கூட்டரில் போய்வந்ததைத் தவிர வேறு எதையும் ஓட்டியதில்லை. ஒரு வருஷம் முழுக்க, விமானம் இறங்காத பழைய ஓடுபாதை ஒன்றில் பழகினாள். நாள் முழுவதும் நோயாளிகளிடம் ‘மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க’ என்று சொல்கிறவளுக்கு, அசையாமல் படுத்திருக்க யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மற்றதையெல்லாம் மாமா சொல்லித்தந்தார். பொறாமைப்பட்டாரா என்றால், பட்டார். அவள் உள்ளே இறங்கும் ஒவ்வொரு தடவையும் அவர் முகம் ஒரு நொடி வாடிப்போகும். உடனே குனிந்து பெல்ட்டை இறுக்கிவிடுவார்.

உப்பு ஏரியில் ஒரு திசையில் மட்டும் ஓடிக் காட்டினால் கணக்கில் சேராது. காற்று முதுகைத் தள்ளியிருக்கலாம் இல்லையா? அதனால் போன வழியே ஒரு மணி நேரத்துக்குள் திரும்பி வர வேண்டும், இரண்டுக்கும் சராசரி எடுப்பார்கள். அதிவேகத்துக்கான கியர் என்பதால் வெள்ளரிக்காய் நின்ற இடத்திலிருந்து தானாகக் கிளம்பாது. என் லோடு வண்டியில் கயிறு கட்டி இழுத்துவிட வேண்டும். வேகம் பிடித்ததும் அக்கா உள்ளேயிருந்து கயிற்றைக் கழற்றிவிடுவாள், நான் ஒதுங்கிக்கொள்வேன்.

முதல் ஓட்டத்தில் கயிறு கழன்றதும் அவள் என்னைக் கடந்து போனதைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. புழுதி இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. ஒரு பச்சைக் கோடு வெள்ளைக்குள் போய்ப் புள்ளியாகி மறைந்தது. பார்சல் சுமந்த எஞ்சின் அது. 244 என்று வாக்கிடாக்கியில் நேரக்காப்பாளர் சொன்னபோது, வண்டியில் பக்கத்தில் இருந்த மாமா என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டார்.

மறுமுனைக்குப் போய் வண்டியைத் திருப்பி நிறுத்துவதற்குள் கொடிகள் படபடக்கத் தொடங்கின. பக்கக்காற்று. முன்னாலிருந்து வரும் காற்றை ஏமாற்றத் தெரிந்த கூடு, பக்கத்திலிருந்து அடித்தால் வெறும் பலகை. மாமா கொடியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். கூட்டின் மூடியைக் கையில் பிடித்தபடி மண்டியிட்டார்.

“போதும்மா. இறங்கிடு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

“நடத்தறவங்க ஓடலாம்னுதானே சொல்றாங்க? காத்து அளவுக்குள்ளதானே இருக்கு?”

“இருக்கு. ஆனா எனக்குப் பயமா இருக்கு.”

“எனக்கும்தான் பயமா இருக்கு. ஏங்க, இப்ப நீங்க உள்ள படுத்திருந்தா இறங்குவீங்களா?”

மாமா மூடியின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். பொய் சொல்லிவிடுங்கள் மாமா என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். அவள் என் அக்கா.

“மாட்டேன்” என்றார்.

“அப்ப மூடுங்க.”

மூடினார். திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கினார். பிறகு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, “இழு” என்றார்.

கயிறு கழன்றது. பச்சைக் கோடு எங்களைத் தாண்டிப் போனது. கொஞ்ச தூரத்தில் அது ஒரு பக்கமாகச் சரிவதைப் பார்த்தேன். மாமாவும் பார்த்தார். அது நிமிர்ந்ததா இல்லையா என்று தெரிவதற்குள் கண்ணுக்குத் தப்பிவிட்டது. வாக்கிடாக்கி வெறுமனே இரைந்தது. உலகத்திலுள்ள எல்லாக் குதிரைகளும் நாசமாய்ப் போகட்டும் என்று சபித்தேன்.

“239. சராசரி 241 புள்ளி ஐந்து. வண்டி பத்திரமாக நின்றுவிட்டது.”

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அக்கா வெளியே வந்து ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உப்பின் மேல் உட்கார்ந்திருந்தாள். ஆட்கள் ஓடிவந்து மாமாவின் கையைக் குலுக்கினார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. அக்காவின் எதிரில் போய் நின்றார்.

“எப்படி இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சுங்க.”

அவர் தலையாட்டிவிட்டு அங்கேயே நின்றார். பிறகு அவள் பக்கத்தில் உப்பின் மேல் மல்லாந்து படுத்தார். காலை நீட்டினார். தோள்களை ஒடுக்கி, கைகளைச் சேர்த்து ஹாண்டில் பிடிப்பதுபோல வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

“கயிறு விட்டதுலேர்ந்து சொல்லு” என்றார்.

அக்கா ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அவர் காதருகே குனிந்தாள்.

“கயிறு விட்டதும் கொஞ்சம் ஆடுச்சு. மூணாவது கியர் போட்டேன். ஆட்டம் நின்னுச்சு.” மாமாவின் பெருவிரல், ஹாண்டிலில் இருக்கும் கியர் பட்டனை அழுத்துவதுபோல மடங்கியது. “அஞ்சாவதுல சத்தமெல்லாம் பின்னால போயிடுச்சு. அப்பதான் வலது பக்கத்துலேர்ந்து காத்து ஒரு தள்ளு தள்ளுச்சு.” அவர் தோள் வலது பக்கம் சாய்ந்து ஈடுகொடுத்தது. “ம், அப்படித்தான். அப்படியே புடிச்சிக்கிட்டேன். அப்புறம் ஒண்ணுமே இல்லைங்க. யாரும் தொடாத மாதிரி இருந்துச்சு. உப்பு மேல வழிகாட்டப் போட்ட கறுப்புக் கோடு மட்டும் ஓடி வந்துச்சு. எல்லையத் தாண்டிட்டேன்.”

மூடிய கண்ணிலிருந்து இரண்டு பக்கமும் நீர் வழிந்து காதுக்குள் போனது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. கையை ஹாண்டிலிலிருந்து எடுக்கவும் இல்லை.

“இன்னொரு தடவை” என்றார்.

அக்கா மறுபடியும் கயிறு விட்டதிலிருந்து ஆரம்பித்தாள்.