அக்கா முந்திச் சிரிச்ச படம்

இலங்கையில, கண்டிக்குப் பக்கத்துக் கடுகண்ணாவையில எங்க ஸ்டெல்லா அக்கா வீட்டு டிவியில தமிழ்ப் படம் ஓடும். அடியில சிங்கள எழுத்து ஓடும். சத்தம் மட்டும் ஓடாது. நான் இத்தாலியில இருந்து லீவுக்கு வந்து எறங்கின மொத நாளே இதக் கவனிச்சேன். ஹீரோ கழுத்து நரம்பு பொடைக்கக் கத்துறான், வீட்டுக்குள்ள மணிக்கூடு ஓடுற சத்தந்தான் கேக்குது. "ஏன்க்கா ஊமப்படம் பாக்குற?"ன்னு கேட்டேன். "பக்கத்து வீட்டுல பபா தூங்குதுடா"ன்னு என் வாயப் பாத்துக்கிட்டே சொல்லுச்சு. அந்தப் பபா, அந்த வீட்டுச் சின்னப் புள்ள, அந்த நேரம் வேலியோரமா ஒரு கோழியத் தொரத்திக்கிட்டு இருந்துச்சு. அதயும் நான் பாத்தேன். பாத்தும் எனக்கு ஒண்ணும் வெளங்கல. இருவத்திரெண்டு வருஷம் வெளிநாட்டுல இருந்தவனுக்கு மூளை இருக்கும்னு நம்ம ஊர்ல இன்னும் நம்புறாங்க. அந்த நம்பிக்கைய நானா கெடுக்கக் கூடாதுன்னுதான் இவ்வளவு நாளும் எழுதாம இருந்தேன்.

இத்தாலியில பலேர்மோ டவுன்ல என் வேல வயசானவங்களப் பாத்துக்கிறது. இப்ப எம்பத்தெட்டு வயசு அம்மா ஒருத்தவங்கள பாக்குறேன். சிஞ்ஞோரான்னு கூப்புடுவேன், மரியாதையாக் கூப்புடுற சொல்லு. சிஞ்ஞோராவுக்குக் காது கேக்காது. அதனால டிவிய வைக்கிற சத்தத்துல, மூணாம் மாடியில நாங்க பாக்குற படத்த மொத மாடிக்காரங்க டிவி போடாமலே பாத்துருவாங்க. அந்த நாட்டுல எந்த ஊருப் படமா இருந்தாலும் எல்லாரும் இத்தாலியன்தான் பேசுவாங்க. குதிரையில வர்ற அமெரிக்கக்காரன், வாள் உருவுற ஜப்பான்காரன், அம்புட்டுப் பேரும். மேல வேற ஆளு பேசி ஒட்டுறாங்கன்னு எனக்கு யாரும் சொல்லல. போன புதுசுல நான் பாத்துக்கிட்ட ஒரு பெரியவர்கிட்ட, "இந்த அமெரிக்கக்காரன் எப்புடி ஒங்க பாஷைய இவ்வளவு சுத்தமாப் பேசுறான்?"னு கேட்டுட்டேன். அவரு என்ன ஏற எறங்கப் பாத்தாரு. "நீயும் கொஞ்சம் முயற்சி பண்ணு"ன்னாரு. நானும் பண்ணினேன். இன்னும் அந்த அமெரிக்கக்காரன் அளவுக்கு வரல.

இந்தத் தடவ நான் ஊருக்கு வந்தது கோவத்தோட. அதச் சொல்லிடறேன், இல்லாட்டி மீதிக் கதை நிக்காது. ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு மாடிப்படியில வழுக்கி விழுந்து, முழங்கால்ல ஒபரேஷன். கல்யாணம் கட்டாதவன் நான் (எத்தன பொண்ணுங்க தப்பிச்சாங்கன்னு கணக்கு கெடையாது), ஆஸ்பத்திரியில பக்கத்துல யாரும் இல்ல. ஞாயித்துக்கெழம மாதா கோயில் பூசை முடியிற நேரம் வழக்கம்போல அக்காவுக்குப் போன் பண்ணினேன். "அக்கா, கால வெட்டித் தச்சிருக்காங்க. பயமா இருக்கு. எனக்குன்னு இங்க ஒரு ஆளும் இல்லக்கா"ன்னு சொன்னேன். வாழ்க்கையில கேலி பகிடி இல்லாம நான் பேசின ஒரே பேச்சு அது. அக்கா, "ரொம்ப நல்லது தம்பி, எல்லாம் சாமி குடுத்தது, வைக்கட்டா"ன்னு சொல்லி வச்சிருச்சு. அதுக்குப் பெறகு ஞாயித்துக்கெழமைகள்ல போன் எடுத்தா அக்காதான் பேசும். மழை, தேங்கா வெல, கோயில் பங்குச் சபைச் சண்டை, நிறுத்தவே நிறுத்தாது. நான் ஒரு வார்த்த சொல்ல எடம் கெடைக்காது. வயசானா இப்புடித்தான் மனசு வத்திப்போகும்னு நெனச்சுக்கிட்டேன்.

அதனால வந்து ரெண்டு கெழமையும், பதினாலு நாளும், நான் வாயத் தொறக்கிறது சோத்துக்கு மட்டுந்தான். பேசாதவனுக்கு நல்ல தொழில் படம் பாக்குறது. அக்காகூட உக்காந்து சத்தமில்லாமப் பத்துப் பன்னெண்டு தமிழ்ப் படம் பாத்தேன். இப்பத்தப் படங்களப் பத்தி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு: சத்தத்த எடுத்துட்டா பாதிப் படத்துல ஒண்ணுமே கெடையாது. ஒருத்தன் மெதுவா நடந்து வர்றான். திரும்பவும் மெதுவா நடந்து வர்றான். இந்த வேகத்துல வந்தா எதிரி வயசாகியே செத்துருவான்னு தோணுது. ரத்தம் மட்டும் தண்ணிப் பைப்பு ஒடஞ்ச மாதிரி. ஆனா ஒரு சின்னப் படம், பேரு தெரியாத ஆளுக நடிச்சது, புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேரும் ஒரு தையல் மெசினப் பஸ்ல ஏத்திக்கிட்டுப் போறாங்க, அவ்வளவுதான் கதை. சத்தமில்லாமலே என் நெஞ்சு வலிச்சுச்சு. அந்தப் பொம்பள அந்த மெசின மடியில வச்சிருக்கிற விதம் இருக்கே. அக்கா கண்ணத் தொடச்சுக்கிச்சு. நான் சிங்களம் பேசுவேன், வாசிக்கிறதுன்னா பஸ் போர்டு அளவுக்குத்தான். அக்கா கண்டியில அரசாங்க ஒபிஸ்ல முப்பது வருஷம் கிளாக்கா இருந்தது, அந்த எழுத்தத் தண்ணி குடிக்கிற மாதிரி வாசிக்கும். நான் ஒரு சொல்லக் கூட்டி முடிக்கிறதுக்குள்ள அங்க மூணு கல்யாணமும் ஒரு கொலையும் நடந்து முடிஞ்சிரும்.

இன்னொரு அதிசயமும் சொல்லணும். வீட்டுக்குக் கீழதான் கோச்சிப் பாதை, ரயில் போற தண்டவாளம். அக்கா மேசையில உள்ளங்கைய வச்சுக்கிட்டு, "கொழும்புக் கோச்சி வருது"ன்னு சொல்லும். கொஞ்ச நேரத்துல கோச்சி வரும். என்னமா காது வச்சிருக்கா இந்த வயசுலன்னு நான் வாயப் பொளந்து பாத்தேன். பாத்தீங்களா, என் அறிவ?

ஒரு சனிக்கெழம அக்காவே சொல்லுச்சு, "தம்பி, மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்தது போதும். கண்டிக்குப் போயி தியேட்டர்ல படம் பாப்போம்." பஸ்ல ஏறி, பேராதனையில பல்கலைக்கழகப் புள்ளைங்க ஏறி நெரிச்சு, ரெண்டரை ஷோவுக்குப் போய்ச் சேந்தோம். இதே கண்டிக்கு, எனக்கு ஏழு வயசுல, நாங்க அப்ப இருந்த புசல்லாவையில இருந்து அக்காதான் என்னப் படத்துக்குக் கூட்டிட்டு வந்துச்சு. அன்னைக்கு எனக்கு முன்னால ஒரு ஒசரமான மனுஷன், தலையில தொப்பி வேற. திரையில பாதிதான் தெரிஞ்சுச்சு. அக்கா முழுப் படத்தயும் என் காதுக்குள்ள சொல்லுச்சு. "இப்ப அவன் கதவத் தொறக்குறான். இப்ப அவ அழுறா." நான் பாத்த மொதப் படம், பாக்காத படம். இன்னைக்கு வரைக்கும் நான் பாத்ததுலயே நல்ல படம் அதுதான்.

இப்ப அதே மாதிரி தியேட்டர் ஹோல். முன்வரிசையில தேயிலத் தோட்டத்துப் பொடியன்க, நடுவுல ஒரு முஸ்லிம் குடும்பம், பாதிக்கு மேல சிங்கள ஆளுக. ஹீரோ வந்தவொடன எல்லாரும் சேந்து விசிலடிச்சாங்க. நான் அப்புடியே பிரமிச்சுப் போயிட்டேன். பலேர்மோவுல அமெரிக்கக்காரனோட நாக்க மாத்தினாத்தான் அவன உள்ள விடுவாங்க. இங்க நம்ம ஆளு நம்ம பாஷையிலயே பேசுறான், அவங்க கீழ வாசிச்சுக்கிட்டு அவனுக்காகக் கத்துறாங்க. படம் ஒரு பகிடிப் படம். லொறிக்காரன் ஒருத்தன் மாமனார் பொணம்னு நெனச்சு வேற யாரோட பொணத்தயோ வீட்டுக்குக் கொண்டு வந்துடுறான். மாமியார் அந்தப் பொணத்த அடையாளம் தெரியாம அழுது முடிச்சிட்டு, கடைசியில "இந்த மனுஷனுக்கு எப்ப மீசை மொளச்சிச்சு?"ன்னு கேக்குறா. அங்கதான் நான் ஒண்ணு கண்டுபுடிச்சேன். ஹோல்ல சிரிப்பு ரெண்டு தடவ வருது. நடிகன் வாயத் தொறக்கிறப்பவே கீழ எழுத்து முழுசா வந்துருது. வாசிக்கிறவங்க முந்திச் சிரிக்கிறாங்க. அவன் சொல்லி முடிச்ச பெறகு கேக்குறவங்க சிரிக்கிறாங்க. ரெண்டு அலை. அக்கா ஒவ்வொரு தடவயும் மொத அலையில சிரிச்சுச்சு. "ஒபிஸ்காரி, தமிழ்ப் படத்தயும் சிங்களத்துலதான் பாப்பா"ன்னு மனசுக்குள்ள கொற சொன்னேன்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முந்தி சத்தம் போயிருச்சு. படம் ஓடுது, எழுத்து ஓடுது, ஸ்பீக்கர்ல ஒரு மூச்சும் இல்ல. தோட்டத்துப் பொடியன்க எந்திரிச்சு நின்னு கத்துறாங்க, சிங்கள ஆளுகளும் சேந்து கத்துறாங்க, எல்லாத் தலையும் பின்னால படம் ஓட்டுற மிசின் ரூம் பக்கம் திரும்புது. ஒரு தலை மட்டும் திரும்பல. அக்கா திரையவே பாத்துக்கிட்டு, மடியில கைய வச்சுக்கிட்டு, கலகலன்னு சிரிச்சுச்சு. நான் காதுக்கிட்ட குனிஞ்சு, "அக்கா, சத்தம் போயிருச்சு"ன்னேன்.

"ரொம்ப நல்லது தம்பி"ன்னு சொல்லுச்சு, கண்ண எடுக்காம.

என் முழங்கால் வெடுக்குன்னு வலிச்சுச்சு. பபா, மேசை அதிர்வுல தெரிஞ்ச கோச்சி, நிறுத்தாத பேச்சு எல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணா வரிசையில வந்து நின்னு என்னப் பாத்துச் சிரிச்சுச்சு. இருவத்திரெண்டு வருஷமாக் காது கேக்காதவங்களப் பாத்துத்தான் நான் சோறு தின்னுறேன். ஆனா காது கேக்காட்டி டிவிச் சத்தத்தக் கூட்டுவாங்கன்னுதான் எனக்குத் தெரியும். ஒருத்தி சத்தத்த மொத்தமா எடுத்துட்டு, எழுத்துல ஏறி அந்தப் பக்கம் போயிருவான்னு எனக்கு யாரு சொன்னா?

லைட்டுப் போட்டாங்க. வெளிய வராந்தாவுல ரெண்டு பிளேன்டீயும் ரோல்ஸும் வாங்கிட்டு, அக்காவுக்கு நேரா நின்னு என் காதத் தொட்டுக் காட்டினேன். "எப்ப இருந்து?"

அக்கா டீய ஊதிக்கிட்டே சொல்லுச்சு. "எம் புருஷன் செத்த வருஷம் வலது காது. அடுத்த வருஷம் எடது. ரெண்டும் ஒத்துமையான காதுடா, ஒண்ண விட்டு ஒண்ணு இருக்காது."

"காதுக்கு மிசின் வாங்கலயா?"

"வாங்கினேன். குக்கர் மாதிரி விசிலடிக்குது. அலுமாரியில நல்ல சாரிகளோட வச்சிருக்கேன்."

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா நீ அந்த வேலய விட்டுட்டு வந்து நிப்ப. ஏன்டா, அங்க ஒரு செவிட்டுக் கெழவி பத்தாதா ஒனக்கு?"

நான் சிரிக்கல. ஆஸ்பத்திரிப் போனப் பத்தி, அக்கா என் வாயப் பாக்குற மாதிரி, மெதுவாச் சொன்னேன். கால் வெட்டினது. பயந்தது. ஒரு ஆளும் இல்லன்னு சொன்னது. அக்கா மொகத்துல எழுத்து ஒவ்வொண்ணா வந்து விழுந்த மாதிரி இருந்துச்சு.

"நான் என்னா சொன்னேன்?"

"ரொம்ப நல்லது, சாமி குடுத்ததுன்னு சொன்ன."

அக்கா டீக் கோப்பைய என் கையில திணிச்சுச்சு. "எந்தக் கால்?"ன்னுச்சு. காட்டினேன். அந்த வராந்தாவுல, அத்தன சனத்துக்கு நடுவுல, அறுவத்தாறு வயசுப் பொம்பள குனிஞ்சு, என் காற்சட்டைக்கு மேல முழங்கால ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டா. ரெண்டு கையிலயும் டீ இருந்ததால எனக்குக் கண்ணத் தொடைக்க வழியில்லாமப் போச்சு. "பேயனே, போன்ல அத ரெண்டாவது தடவ சொல்லக் கூடாதா?"ன்னு கீழ இருந்தபடியே ஏசுச்சு. இடைவேளை முடியிற மணி அடிச்சுச்சு.

ரெண்டாம் பாதியில ஒரு பாட்டு வந்துச்சு. கீழ எழுத்து வரல, பாட்டுக்கு யாரும் எழுதுறதில்ல. அக்கா வழக்கம்போலக் கடலைப் பக்கெட்டப் பிரிச்சுச்சு. ஒவ்வொரு படத்துலயும் பாட்டு வந்தா இது எதயாச்சும் தின்னும்னு நான் ரெண்டு கெழமையாப் பாத்திருக்கேன். கோயில்ல மொதக் குரல் பாடினவ, இப்ப பாட்டே புடிக்கலபோலன்னு நெனச்சிருக்கேன். என் அறிவு அவ்வளவுதான்னு மேல சொல்லிட்டேனே. போன எடுத்தேன். அக்கா வாசிக்கட்டும்னு பாட்ட வரி வரியாத் தட்டினேன். மழையக் கொஞ்சம் நிக்கச் சொல்றான். கொடை கொண்டு வரலயாம். அவளுக்காக நிக்கச் சொல்றான். பின்னால ஒருத்தன் "போன் லைட்ட நூருங்க!"ன்னு அணைக்கச் சொல்லிக் கத்துறான். இந்தப் பக்கத்துக் கதிரையில இருந்த சிங்களப் பெரியவரு குனிஞ்சு, "மே சிந்துவே மொகத கியன்னே?"ன்னு கேக்குறாரு, பாட்டு என்னா சொல்லுதுன்னு. அவருக்கும் சொன்னேன். மழைக்குச் சிங்களம் தெரியும், கொடைக்கு மறந்துபோச்சு, இத்தாலியன்தான் வந்துச்சு. அவரு பெரிய தத்துவம் கேட்ட மாதிரித் தலையாட்டினாரு. எடது பக்கம் அக்கா போன வாங்கி மூக்குக்கிட்ட வச்சு வாசிச்சுச்சு. பெறகு வாய் அசைஞ்சுச்சு. பாடுச்சு. படத்துல ஓடுற மெட்டு இல்ல. நாங்க சின்னதுல மாதா திருநாளுக்குப் பாடின மெட்டுல, மழைய நிக்கச் சொல்லிப் பாடுச்சு. சுருதி கொஞ்சமும் பெசகல. நான் இந்த வயசு வரைக்கும் தியேட்டர்ல கேட்ட பாட்டுக்கள்ல அதுக்குப் பக்கத்துல வைக்க ஒண்ணும் கெடையாது.

என்கூட இத்தாலிக்கு வந்துடுன்னு அக்காவக் கூப்பிட்டேன். மாட்டேன்னுச்சு. நான் ஊரோட வந்துடட்டான்னு கேட்டேன். "காலு ஆறட்டும்"ன்னுச்சு. ரெண்டு பேருக்கும் அதுக்கு மேல தைரியம் வரல. நான் பலேர்மோவுக்குத் திரும்பி மூணு கெழமை ஆச்சு.

இப்ப ஞாயித்துக்கெழமைகள்ல நாங்க பேசுறதில்ல, படம் பாக்குறோம். அக்கா வீடியோவப் போட்டு போனப் பக்கவாட்டுல சாச்சு வைக்கும், ஒரு மூலையில அதோட மொகமும் மறு மூலையில அர டிவியும் தெரியும். எனக்கு இந்தப் பக்கம் சிஞ்ஞோராவோட டிவி, செவுரு அதிர, யாரோ ஒரு குதிரக்காரன் சுத்தமான இத்தாலியன்ல கத்துறான். அந்தப் பக்கம் சத்தமே இல்லாம ஒரு தமிழன் வாயசைக்கிறான், கீழ சிங்களம் ஓடுது. நான் இன்னும் மொதச் சொல்லக் கூட்டிக்கிட்டு இருப்பேன், அக்கா சிரிச்சுரும். அது சிரிக்கிறதப் பாத்து நான் சிரிப்பேன். நான் சிரிக்கிறதப் பாத்து, தன் படத்துல ஏதோ பகிடியத் தவற விட்டுட்டோம்னு நெனச்சு, சிஞ்ஞோரா சிரிப்பாங்க. நடுவுல உக்காந்திருக்கிற எனக்கு மட்டும் ரெண்டு படமும் வெளங்கல.