ஐந்தில் மூன்று பேர்

கொரட்டூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டில் நாங்கள் நான்கு பேர் குடியிருந்தோம். ஐந்தாவது ஆள் அம்பத்தூர்க்காரன். சொந்த வீடு இரண்டே ஸ்டேஷன் தள்ளி இருந்தும் எங்கள் வீட்டுச் சோற்றைத்தான் தின்பான். எந்நேரமும் கையில் கேமரா. தோசை கருகினாலும் படம், நான் லுங்கியோடு ஆடினாலும் படம்.

அந்தப் படங்களைக் காப்பாற்றி வைக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஸ்டோரேஜ் கம்பெனியில் அப்போது எனக்கு வேலை. கோப்புகளைப் பூட்டி, துண்டு துண்டாக்கி, பல ஊர்க் கணினிகளில் பிரித்து வைப்பதுதான் தொழில். அதையே எங்கள் ஐந்து பழைய லேப்டாப்களில் செய்தேன். ஒன்று திருட்டுப் போனாலும் திருடனுக்கு ஒரு படமும் கிடைக்காது. இரண்டு கெட்டுப்போனாலும் மிச்சம் மூன்றிலிருந்து எல்லாம் திரும்ப வந்துவிடும். பூட்டைத் திறக்கும் சாவியையும் ஐந்து பங்காகப் பிரித்தேன். ஒவ்வொரு பங்கும் பன்னிரண்டு சொற்கள். எந்த மூன்று பங்கு சேர்ந்தாலும் திறக்கும், இரண்டு போதாது.

சட்டம் போடுவதில் எனக்கு அப்போது கொஞ்சம் கொழுப்பு. சொற்களைக் காகிதத்தில் மட்டுமே எழுத வேண்டும். போனில் சொல்லக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது. திறக்கும்போது மூன்று பேரும் ஒரே அறையில் இருக்க வேண்டும். ஒருவன் தன் சொற்களைத் தட்டி முடிக்கும்வரை மற்ற இருவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். மூன்று தடிமாடுகள் முறை வைத்துச் சுவரைப் பார்த்து நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. திரும்பக் கிடைக்காதே என்று ஏக்கமாகவும் இருக்கிறது.

அப்பா கண் ஆபரேஷனுக்காக விருதுநகரிலிருந்து வந்து எங்களோடு மூன்று வாரம் தங்கியது அந்தக் காலத்தில்தான். கறுப்புக் கண்ணாடியோடு எங்கள் அடுப்படியைக் கையில் எடுத்துக்கொண்டார். அம்பத்தூர்க்காரன் அதையும் படம் பிடித்தான். நான் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. அப்பாதான் இருக்கிறாரே என்ற நினைப்பு.

என் கல்யாண வரவேற்பில்தான் வினை வந்தது. நான் லுங்கியோடு, கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு, என் மேனேஜரைப் போலப் பேசி ஆடிய படம் ஒன்று பூட்டுக்குள் இருந்தது. அம்பத்தூர்க்காரன் இன்னும் இருவரைச் சேர்த்துக்கொண்டு அதைத் திறந்து மண்டபத் திரையில் ஓடவிட்டான். முன்வரிசையில் மேனேஜர். அவரே விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

“மூணு பேரு சேந்துதான தொறந்தோம்? உன் ரூல்படி கரெக்ட்டுதான மாமே” என்றான்.

“இனிமே உனக்கு இதுல பங்கு இல்ல. அந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போடு” என்றேன்.

அவன் கணக்கை வெட்டிவிட்டேன். கூடச் சேர்ந்து திறந்த மற்ற இருவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்ன நியாயமோ அது! யார் நமக்கு ரொம்பவும் வேண்டியவனோ அவன் மேல்தான் கோபம் பாய்கிறது.

முறைப்படி பார்த்தால், ஒருவனை விலக்கியதும் புதுச் சாவி செய்து எல்லாவற்றையும் மறுபடி பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் அவன் கையிலிருக்கும் பழைய பங்கு செல்லுபடியாகிக்கொண்டே இருக்கும். ஆபீஸில் இதைச் செய்யாதவர்களை வறுத்தெடுப்பவன் நான். என் விஷயத்தில் செய்யவில்லை. சோம்பேறித்தனம் என்று சொல்லிக்கொண்டேன்.

அப்பா போன வருஷம் இறந்தார். போனில் “நல்லாயிருக்கியா, வச்சிடுறேன்” என்பதற்கு மேல் பேசாத மனிதர். வருஷத் திதி முடிந்து முகப்பேரில் என்னோடு இருக்க வந்த அம்மா ஒரு நாள் கேட்டாள்: “அவுக பேசுனது எதாச்சும் வச்சிருக்கியாய்யா? குரலே மறந்துபோயிருமோன்னு பயமா இருக்கு.”

அந்த அடுப்படிப் படத்தின் துண்டுகள் இருந்த பழைய லேப்டாப்களில் மூன்று இன்னும் உயிரோடு என் பரணில் கிடந்தன. என் பங்குச் சொற்களும் என்னிடம் இருந்தன. இப்போது ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கும் நண்பன் தன் பங்கை ஜெபப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தான். இன்னொருவன் பீரோ கதவின் உட்புறம் ஒட்டியிருந்தான். பீரோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. நான்காமவன் எழுதி வைத்தது கேஸ் புத்தகத்தில். வீடு மாறும்போது அதை ஏஜென்சியில் ஒப்படைத்துவிட்டான். போட்டோ எடுக்கக் கூடாது என்ற என் சட்டத்தை மட்டும் இருவரும் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றியிருந்தார்கள். மூன்றாவது பங்குக்கு இனி ஒரே ஆள்தான். கிழித்துப் போடு என்று நானே விரட்டியவன்.

முகப்பேரிலிருந்து அவன் வீடு ஒரு பஸ் தூரம். ஏழு வருஷமாக அந்தத் தெருவை நான் எட்டிப் பார்க்கவில்லை. போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக ஒரு காலைப் பொழுதே போய், கடைசியில் கூப்பிட்டேன். அப்பா போனதையும் அம்மா கேட்டதையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

“அந்தப் பேப்பர் இருக்கா?”

“கீது.”

“அதுல இருக்கிற பன்னெண்டு வார்த்தையைச் சொல்லு, எழுதிக்கிறேன்.”

“இன்னா மாமே, போன்ல சொல்லக் கூடாதுன்னு நீதான ரூல் போட்ட? ஊட்லயே இரு. ஞாயித்துக்கெழம வரேன்.”

சொன்னபடி வந்தான். முன்தலை வழுக்கை, லேசான தொப்பை. ஆவடி நண்பனும் ஜெபப் புத்தகத்தோடு வந்திருந்தான். அம்பத்தூர்க்காரன் பையிலிருந்து காகிதத்தை எடுத்தான். பளபளவென்று லேமினேஷன் செய்திருந்தான்.

“ஆதார் கார்டுக்குப் போட சொல்ல, இதையும் குடுத்தேன்” என்றான்.

கடைக்காரன் பார்த்திருப்பானே என்று என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

நான் தட்டினேன், ஆவடி நண்பன் தட்டினான். கடைசியாக அம்பத்தூர்க்காரன் உட்கார, நாங்கள் இருவரும் சுவரைப் பார்த்து நின்றோம். அம்மா ஒன்றும் புரியாமல் சோபாவிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் ஓட ஆரம்பித்தது.

முதலில் கேட்டது அப்பாவின் குரல் இல்லை. கேமராவுக்குப் பின்னாலிருந்து அவன் குரல்: “இன்னாப்பா, இன்னிக்கு இன்னா கொழம்பு?”

அப்புறம் அப்பா: “படம் புடிச்சது போதும்யா, வந்து உக்காரு. நீ இல்லாம நாங்க எப்படிச் சாப்பிடுறது?”

அம்மா விசும்புவது கேட்டது.

“திரும்பு மாமே” என்றான் அவன். “டைப் அடிச்சு முடிச்சு எம்மா நேரமாச்சு.”

என்னால் உடனே திரும்ப முடியவில்லை.