நானாட்டானில் போட்ட மூன்றாவது ஊசி

என் அக்காவின் கணவரை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு நான் செய்த காரியத்துக்கு யாரும் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

அத்தானுக்கு மன்னார்த் தீவின் வடக்குக் கரையில் இரண்டு படகுகள் இருந்தன. எங்கள் கரையின் மீனவர் சங்கத்துக்குப் பல வருடங்களாக அவர்தான் தலைவர். அவர் கதைத்து முடித்தால் மற்றவர்கள் கதைக்க மாட்டார்கள். நான் அதே ஊரில் குடும்பநல உத்தியோகத்தர். அது கடிதங்களில் வருகிற பெயர். ஊருக்கு நான் மிட்வைஃப் மிஸ். கர்ப்பிணிகளைப் பதிவது, பிள்ளைகளை நிறுப்பது, வீடு வீடாகப் போய் விசாரிப்பது என் வேலை.

கொரோனாத் தடுப்பூசி வந்தபோது ஆள் சேர்க்கிற பொறுப்பும் எங்கள் தலையில் விழுந்தது. கரையில் ஒருவரும் வருவதாக இல்லை. ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது என்றார்கள். இரண்டு வருடத்தில் ஆள் முடிந்துவிடும் என்றார்கள். வெளிநாட்டில் விலைபோகாததை எங்களுக்கு ஏற்றுகிறார்கள் என்று ஒருவர் நாயை அவிழ்த்து விட்டார். எங்களுக்கு வகுப்பில் சரியாகத்தான் சொல்லித் தந்திருந்தார்கள்: நோய் வரலாம், ஆனால் கடுமையாகாமல் பார்த்துக்கொள்ளும், சாவைக் குறைக்கும். 'குறைக்கும்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு கிழவரைக்கூடக் கதிரையை விட்டு எழுப்ப முடியாது என்று இரண்டு நாளில் எனக்கு விளங்கிவிட்டது. வெயிலில் அலைந்து களைத்த பிறகு, "போட்டால் ஒண்டும் வராது" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அதற்கு ஆட்கள் வந்தார்கள்.

அத்தானின் தாயை நான் மாமி என்பேன். நீண்டகாலச் சீனி வருத்தக்காரி. அவரை ஓட்டோவில் ஏற்றிப் போனதும் நான்தான். வரிசையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போட்டால் சாகமாட்டன்தானே, பிள்ளை?" என்று கேட்டார்.

"சாகமாட்டீங்கள், மாமி."

பக்கத்தில் அத்தான் நின்றார்.

மாமி இரண்டு ஊசியும் போட்டு முடித்தார். அதன் பிறகுதான் டெல்டா ஊருக்குள் வந்தது. அம்புலன்ஸ் வரும்வரை மூச்சை இழுத்து இழுத்துக் கிடந்த தாயை அத்தான் மடியில் வைத்திருந்தார் என்று அக்கா பிறகு சொன்னாள். மாமி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. சேமக்காலையில் மாமாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அவருக்கு இடம் விட்டு வைத்திருந்தார்கள். அந்த நாட்களின் சட்டம் அதற்கு விடவில்லை. பெட்டியை மூடி, வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். எரிப்பது எங்கள் சனத்தின் வழக்கமில்லை. அத்தான் என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அப்போதே இரண்டு பேச்சுப் பேசியிருந்தால் அதோடு போயிருக்கும்.

ஒமிக்ரோன் என்ற பெயர் செய்திகளில் அடிபடத் தொடங்கியதும் மூன்றாவது ஊசிக்கு ஆள் சேர்க்கச் சொன்னார்கள். சனம் அசையவில்லை. பங்குத்தந்தை கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம் ஒழுங்கு செய்து, எங்கள் டொக்டரை வந்து விளக்கச் சொன்னார். டொக்டர் வயது குறைந்தவர். பொய் சொல்லத் தெரியாதவர். புதிய வைரஸ் உருமாறியிருப்பதால் இரண்டு ஊசியின் பலன் குறைந்துவிட்டது, மூன்றாவது அதை மறுபடி கூட்டும், தொற்று வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகிற அளவுக்குப் பெரும்பாலும் வராது என்று சொன்னார்.

பின்வரிசையில் ஒருவர் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே, மூன்று போட்ட நாடுகளிலும் சனம் படுத்துக் கிடக்கிறதே என்றார். இன்னொருவர், பழைய வைரசுக்குச் செய்த ஊசியைப் புதிய வைரசுக்கு ஏன் போட வேண்டும், புதிதாகச் செய்துகொண்டு வரட்டும் என்றார். அது மூடத்தனமான கேள்வியல்ல. டொக்டரும் அப்படித்தான் சொன்னார். பிறகு, மீன்பிடிக்கிற ஆட்களுக்கு விளங்கட்டும் என்று நினைத்து, ஊசியை வலையோடு ஒப்பிட்டார். சின்னச் சின்ன ஓட்டை இருந்தாலும் வலை வலைதானே என்றார்.

"ஓட்டை வலையோட நாங்கள் கடலுக்குப் போறேல்லை, டொக்டர்" என்றார் ஒரு கிழவர். "பொத்திப்போட்டுத்தான் போறது."

"அந்தப் பொத்துறதுதான் ஐயா மூண்டாவது ஊசி."

மண்டபம் சிரித்தது. கூட்டம் எங்கள் பக்கம் திரும்புகிறது என்று எனக்குப் பட்டது. அப்போதுதான் அத்தான் எழும்பினார். கலியாணம் முடித்த நாளிலிருந்து என்னை அவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவார். அன்று அப்படிக் கூப்பிடவில்லை.

"மிஸ், என்ர அம்மாவுக்கு நீங்கள் என்ன சொல்லி ஊசி போட்டனீங்கள்? எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ."

டொக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வேறு வழியில்லை.

"சாகமாட்டீங்கள் எண்டு சொன்னனான்."

"உங்களுக்குப் படிப்பிச்சது அப்பிடியோ?"

"இல்லை."

மாமியின் சீனி வருத்தத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். ஊசி போடாமல் செத்த மூன்று பேரை, அந்த மண்டபத்திலேயே உறவுக்காரர் இருக்கிறவர்களை, பெயர் சொல்லிக் காட்டவும் நினைத்தேன். அத்தான் அதற்கு இடம் தரவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று என்று கதிரையில் இருந்துவிட்டார். ஒரு பெண் எழும்பி, தன் புருசனுக்கும் நான் அப்படித்தான் சொன்னேன் என்றாள். பிறகு இன்னொருத்தி. பங்குத்தந்தை செபத்தைத் தொடங்கிக் கூட்டத்தை முடித்துவைத்தார்.

அந்த வாரம் மூன்றாவது ஊசிக்கு வந்தவர்களை விரல் மடித்து எண்ணலாம். சங்கத்து ஆட்களின் வட்ஸ்அப் குழுவில் அத்தானின் குரல் சுற்றியது. புதுசு புதுசாய் வைரஸ் வரும், புதுசு புதுசாய் ஊசியும் வரும், பலன் மட்டும் வராது என்றார். கரைக்குப் போனால் எனக்கு மீன் நிறுத்துத் தர ஆள் இல்லை. ஒரு காலை என் வீட்டுப் படலைக்கு முன்னால் மீன்குடலைக் கொட்டியிருந்தார்கள். கழுதைகள் வந்து மோந்துவிட்டுப் போயின. வாளியில் தண்ணீர் எடுத்து ஊற்றிக் கழுவும்போது நான் ஊரை நினைக்கவில்லை. அத்தானை மட்டும்தான் நினைத்தேன்.

சில நாட்கள் கழித்து, ஆள் போதவில்லை என்று என்னைத் தீவுக்கு வெளியே, நானாட்டான் பக்கத்து ஊசி நிலையம் ஒன்றுக்கு ஒரு நாள் அனுப்பினார்கள். பள்ளிக்கூட மண்டபம். வயற்காரர்கள் உழவு இயந்திரப் பெட்டியில் குடும்பமாக வந்து இறங்கினார்கள். பெயர் பதிகிற மேசையில் நான் இருந்தேன். மத்தியானத்துக்குக் கிட்ட ஒரு அடையாள அட்டை மேசைக்கு வந்தது. பெயரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். தொப்பியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு அத்தான் நின்றார்.

பின்னால் வரிசை நின்றது.

"பலன் இல்லை எண்டு சொன்னீங்கள்" என்றேன்.

"பலன் இல்லையெண்டுதான் சொன்னனான். பயம் இல்லையெண்டு சொல்லேல்லை." பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா மூச்செடுக்க ஏலாமல் கிடந்ததை நான் பாத்தனான். எனக்கும் சீனி இருக்கு. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, மிஸ்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். ஊசி போடுகிற மேசைக்குப் போய்ச் சட்டைக் கையை மடித்தார். என் நெஞ்சில் அப்போது இரக்கம் வந்தது என்று எழுதினால் அது பொய். சந்தோசம்தான் வந்தது. தீவுக்குத் திரும்புகிற பஸ்ஸில் கடலைக் கடக்கிற தாம்போதிப் பாதை முழுக்க அந்தச் சந்தோசத்தோடு இருந்தேன்.

மாமியின் ஆறாம் மாதப் பூசைக்கு நான் போகாமல் விட்டிருக்கலாம். போனேன். பூசை முடிந்து அக்கா வீட்டு விறாந்தையில் உறவுக்காரரும் சங்கத்து ஆட்களும் இருந்தார்கள். அக்கா எல்லோருக்கும் தேநீர் கொடுத்துக்கொண்டு வந்து, என்னைத் தாண்டிப் போனாள். நான் கையை நீட்டிவிட்டேன். நீட்டிய கை வெறுமையாக நின்றது. அக்கா திரும்பி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"நீ கூட்டிக்கொண்டு போகாட்டில் மாமி இண்டைக்கு இந்தக் கதிரையில இருந்திருப்பா."

"உன்ர மனுசனைக் கேள், மூண்டாவது ஊசியை எங்க போட்டவர் எண்டு" என்றேன். "நானாட்டானில. நான்தான் பேர் பதிஞ்சனான். பள்ளிக்கூடத்தின்ர பேரும் வேணுமெண்டால் சொல்லுறன்."

அத்தானோடு ஒரே படகில் போகிறவர் கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு எழும்பினார். அத்தானின் பேச்சைக் கேட்டுத் தன் குடும்பத்தில் ஒருவரையும் ஊசிக்கு விடாத மனுசன் அவர். உண்மையோ என்று அக்கா கேட்டாள். அத்தான் ஓம் என்றார். அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அந்த மேசையில இருந்தது மச்சாளில்லை, மிஸ் எண்டு நினைச்சிட்டன்."

அடுத்த சங்கக் கூட்டத்தில் அவரைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கினார்கள். அதைவிட, நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. தலைவரே களவாய்ப் போட்டிருக்கிறார், அப்படியென்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று சனம் மூன்றாவது ஊசிக்கு வரத் தொடங்கியது. டொக்டர் தன் கூட்டத்தால்தான் வருகிறார்கள் என்று நினைத்து மகிழ்ந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பொறுத்தவரை வென்றாயிற்று.

அந்த நினைப்பு பத்து நாள்கூட நிற்கவில்லை. ஒரு மத்தியானம் கிளினிக்குக்கு ஒரு பெண் வந்தாள். நான்கு பிள்ளைகளின் தாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடும்பக் கட்டுப்பாட்டு ஊசி போடுகிறவள். புருசனுக்கும் மாமியாருக்கும் அது தெரியாது. தெரிந்தால் வீட்டில் இருக்க விடமாட்டார்கள். அவளுடைய அட்டையை என் மேசை லாச்சியிலேயே பூட்டி வைத்திருந்தேன். பிள்ளையை நிறுக்க வருகிற சாட்டில் வந்து போட்டுக்கொண்டு போவாள். அன்றும் ஊசிக்கான நாள்தான். ஆனால் அவள் கதிரையில் இருக்கவில்லை.

"என்ர அட்டையைத் தாங்கோ, மிஸ்."

ஏன் என்று கேட்டேன். தன் கதையும் நாளைக்கு யாருடைய விறாந்தையிலாவது வெளியே வரும் என்றாள். நான் சத்தியம் செய்யப் போனேன்.

"தலைவரும் உங்களை நம்பித்தானே சொன்னவர்" என்றாள்.

அட்டையை வாங்கி நான்காகக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். வேறு இடத்தில் போடலாம் என்று பின்னால் போய்ச் சொன்னேன். பட்டணத்துக்குப் போய்வர வீட்டில் என்ன சாட்டுச் சொல்வது என்று என்னையே கேட்டாள். அந்த மாதத்தில் இன்னும் இரண்டு பேர் வராமல் நின்றார்கள்.

அத்தான் மேலதிகாரிக்குக் கடிதம் எழுதினார். அதை எனக்குக் காட்டினார்கள். தாயைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. பொய்யும் இல்லை. கடமையில் அறிந்த ஒரு விசயத்தை நான் பலர் முன்னிலையில் வெளிப்படுத்தினேன் என்று மட்டும் எழுதியிருந்தார். வசைபாடியிருந்தால் எதிர்த்து எழுத எனக்கு ஏதாவது கிடைத்திருக்கும். விசாரணையில் ஓம் என்றேன். இலுப்பைக்கடவைப் பக்கம் மாற்றம் கிடைத்தது. அக்கா இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. அத்தான் தொழிலுக்குப் போகிறார். அவரை எனக்கு இப்போதும் பிடிக்காது.

அந்தப் பெண்ணை அதற்குப் பிறகு ஒருமுறை மன்னார் பஸ் நிலையத்தில் கண்டேன். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. வயிறு ஏழு மாதம் இருக்கும். கால் இரண்டும் வீங்கியிருந்தன. எந்தக் கிளினிக்கில் பதிந்திருக்கிறாள், இரத்த அழுத்தம் பார்த்தார்களா என்று கேட்க வாய் உன்னியது. எழும்பி என் இடத்தைக் காட்டினேன். அவள் என்னைக் கண்டதும் பிள்ளையை இழுத்துக்கொண்டு கூரைக்கு வெளியே போய், தன் பஸ் வரும்வரை வெயிலில் நின்றாள்.