பிறக்காத பிள்ளைக்குப் பின்னிய தொப்பி

ஒன்பது வயதில், ஒரு பிள்ளையைக் கொன்றுவிட்டேன் என்று நான் நாலு நாட்கள் நம்பியிருந்தேன். அந்த நாலு நாளும் பள்ளிக்கூடம் போனேன், சோறு சாப்பிட்டேன், பல்லும் தீட்டினேன். கொலைகாரிக்கும் எங்கள் வீட்டில் அதே ஒழுங்குதான்.

அப்போது நாங்கள் நோர்வேயில், குரோருட் என்ற இடத்தில் நாலாம் மாடியில் இருந்தோம். அப்பா பஸ் ஓட்டினார். அம்மாவுக்கு ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. யேசு பிறந்த நத்தார்ப் பண்டிகைக்கு முந்தின மாதம் எங்கள் வகுப்பு ரீச்சர் எல்லோருக்கும் இரண்டு ஊசியும் ஓர் உருண்டை சாம்பல் நிறக் கம்பளி நூலும் தந்தார். இந்த முறை ஒருவரும் கடையில் பரிசு வாங்கக்கூடாது, விருப்பமான ஒருவருக்குக் கையால் பின்னிக் கொடுக்க வேண்டும் என்றார். ரீச்சருக்கு வயிறு நன்றாக முன்னுக்குத் தள்ளியிருந்தது. தை கடைசியில் பிள்ளை என்று எங்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மற்றவர்கள் அப்பாவுக்குக் கழுத்துச் சால்வை, அக்காவுக்குக் கையுறை என்று தொடங்கினார்கள். நான் ரீச்சரின் பிள்ளைக்குத் தொப்பி பின்னுவதென்று முடிவெடுத்தேன். அன்பினால் என்று சொல்ல ஆசைதான். உண்மை என்னவென்றால், வகுப்பிலே ரீச்சருக்கு என்னைத்தான் எல்லோரிலும் கூடப் பிடிக்க வேண்டும் என்கிற பேராசை.

ஆனால் சாம்பல் நிறம் மனதுக்குப் பிடிக்கவில்லை. எலிக்குஞ்சுக்குப் பின்னுவது போலிருந்தது. வேறு நூல் தேடி, அலுமாரிக்கு மேலே அம்மா வைத்திருந்த சேலைப் பெட்டியை இறக்கினேன். கூறைச்சேலைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னச் சட்டை. ஒரு கை முடிந்திருந்தது, மற்றக் கை பாதியில் ஊசியோடு நின்றது. அம்மாவுக்குப் பின்னத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். முடிக்காமல் விட்டது ஒருவருக்கும் வேண்டாதது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டு, ஊசியை உருவி, நூல் நுனியைப் பிடித்து இழுத்தேன். கடகடவென்று வந்தது. கதிரைச் சாய்வில் சுற்றச் சுற்றச் சட்டை கரைந்து, நூடில்ஸ் மாதிரிச் சுருண்ட நூல் மிஞ்சியது. வெறும் பையை இருந்த இடத்தில் வைத்துப் பெட்டியைப் பூட்டினேன்.

தொப்பியின் மூன்றாம் வரியில் ஒரு கண் தவறி ஓட்டை விழுந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். நத்தார் வரைக்கும் பொறுமை இல்லை, மார்கழித் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமையே கொண்டுபோய்க் கொடுத்தேன். ரீச்சர் அதைத் தன் வயிற்றின் மேல் வைத்துக் காட்ட, வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு நான் நடந்து வரவில்லை, பறந்து வந்தேன்.

அன்று பின்னேரச் சாப்பாட்டில் இதைச் சொன்னபோது அம்மா அகப்பையைப் பானைக்குள்ளேயே விட்டார்.

“பிறக்காத பிள்ளைக்கோ? ஆரைக் கேட்டுச் செய்தனி?”

பிள்ளை கைக்கு வரும்வரை அதற்கென்று ஒன்றும் வாங்கவோ தைக்கவோ கூடாது, பிறந்த பிறகும் பழைய வேட்டித் துணிதான், முப்பத்தோராம் நாள் துடக்குத் தீட்டுக் கழிந்தால்தான் புதுச்சட்டை, முந்திச் செய்தால் பிள்ளை தங்காது. இவ்வளவையும் அம்மா மூச்சு விடாமல் சொன்னார். எனக்கு இப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியாது. அது எங்கடை ஆக்களுக்குத்தான், வெள்ளையள் தொட்டில் வண்டில் எல்லாம் முதலே வாங்கி வைக்கிற சனம் என்று அப்பா சமாளிக்கப் பார்த்தார்.

“என்ன நூல்?” என்று அம்மா கேட்டார். மஞ்சள் என்றேன். பெட்டிக்குள் கிடந்தது என்றேன்.

அம்மா எழும்பி அறைக்குள் போனார். பெட்டிப் பூட்டு இரண்டும் திறந்த சத்தம் கேட்டது. அப்பா பின்னாலே போய், “பத்து வருசமாச்சு. இன்னும் ஏன் வைச்சிருந்தனீர்?” என்று மெல்லக் கேட்டார். பெட்டியைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். அது பழைய பெட்டிதானே.

அம்மா வெளியே வந்தபோது அவருடைய முகத்தைப் பார்த்த எனக்கு, அடித்தால்கூட நல்லது போலிருந்தது. “திங்கக்கிழமை அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு வா. அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் நடக்கக்கூடாது,” என்றார். குரல் நடுங்கியது. கோபம் மிஞ்சினால் குரல் நடுங்குமாக்கும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை ரீச்சர் வரவில்லை. அவருக்குப் பதிலாக வந்த தாடிக்கார இளைஞர், ரீச்சர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டுக் கணக்குப் புத்தகத்தை எடுக்கச் சொன்னார். இடைவேளையில் எல்லோரும் பனியில் விளையாடப் போன நேரம் ரீச்சரின் மேசை லாச்சியை இழுத்துப் பார்த்தேன். கத்தரிக்கோல், பசை, ஒரு காய்ந்த தோடம்பழம். தொப்பி இல்லை. அதைக் கையோடு கொண்டுபோய்விட்டார்.

வீட்டில் சொன்னேன். அப்போதுதான் வேலையால் வந்த அம்மா, கோட்டும் கழற்றாமல் சப்பாத்து வைக்கும் இடத்தில் அப்படியே இருந்துவிட்டார். அதற்குப் பிறகு என்னை ஒரு சொல் ஏசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயம். ஏசுகிற அம்மாவை எனக்குத் தெரியும். ஏசாமல் காலையும் மாலையும் விளக்குக் கொளுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அம்மாவைத் தெரியாது. நானும் பக்கத்தில் நின்று பிள்ளையாரோடு பேரம் பேசினேன். பள்ளிக்கூடம் முழுக்க நத்தார் இஞ்சி பிஸ்கட் மணத்தது. பிள்ளை பிழைத்தால் இனி அதைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தேன். மூன்று மணிக்கே இருட்டிவிடும். வரும் வழியில் யன்னலுக்கு யன்னல் நட்சத்திர விளக்கு எரியும். ஒவ்வொன்றும் என்னைத்தான் பார்க்கிறது என்று தலையைக் குனிந்துகொண்டு நடப்பேன்.

புதன்கிழமை அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அம்மா அங்கே வந்ததே இல்லை. தன்னுடைய நோர்வேஜிய மொழி சமையலறைக்கு மட்டும்தான் போதும் என்று கூட்டங்களுக்கெல்லாம் அப்பாவைத்தான் அனுப்புவார். அன்றைக்கு வேலைச் சட்டையோடு வகுப்பு வாசலில் நின்று, “பிள்ளை இருக்கா?” என்று உடைந்த மொழியில் தாடிக்காரரைக் கேட்டார். அவர் முகம் சிவந்து, மன்னிக்க வேண்டும், அதையெல்லாம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை என்றார். இந்த நாட்டில் அது சும்மா ஒரு சட்டம். யாருக்குச் சளி, தடிமன் என்றாலும் இப்படித்தான் சொல்வார்கள். ஆனால் எங்கள் ஆட்கள் “சொல்ல ஏலாது” என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். நான் அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த நாள் கடைசிப் பாடத்தில் தாடிக்காரர் ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொடியன், மூக்கில் குழாய், புருவத்தையும் மூடிக்கொண்டு மஞ்சள் தொப்பி. ஏழு கிழமை முந்திப் பிறந்துவிட்டானாம், மூச்சு விடுகிறானாம், பால் குடிக்கிறானாம். அவசரத்தில் ரீச்சரின் கைப்பைக்குள் பிள்ளைக்கென்று இருந்தது இந்தத் தொப்பி ஒன்றுதானாம். பின்னியவள் என்று எனக்கு ஒரு பிரதி தந்தார்கள். அதை ஜக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டு வீடுவரை ஓடினேன்.

அம்மா படத்தை யன்னலடிக்குக் கொண்டுபோனார். விரலால் தொப்பியை வரி வரியாகத் தடவினார். பிழை பிடிக்கிறார் என்று பயந்து, மூன்றாம் வரியில் ஒரு கண் விட்டுப்போச்சு என்று நானே ஒப்புக்கொண்டேன். தொப்பியைத் திருப்பி வாங்கட்டோ என்றும் கேட்டேன்.

“வேண்டாம். அது அவனோடையே இருக்கட்டும்,” என்றார் அம்மா.

எனக்கு முன்னாலே எங்கள் வீட்டுக்கு வர இருந்த ஓர் அண்ணனைப் பற்றி அம்மா வாய் திறந்தது, இரண்டு வருடத்துக்கு முன் நான் ஐந்து மாத வயிற்றோடு போய் நின்றபோதுதான். இந்த நாட்டில் அவர்களுடைய முதல் குளிர்காலம். இந்தக் குளிர் உங்கள் முப்பத்தோராம் நாளுக்குக் காத்திருக்காது என்று பக்கத்து வீட்டு நோர்வேஜியப் பெண் பின்னக் கற்றுக்கொடுத்திருக்கிறார். ஒரு கை முடிந்து மற்றக் கை பாதியில் இருந்தபோது பிள்ளை பிறந்தான், மூச்சில்லாமல். அம்மாவை ஒருவரும் குற்றம் சொல்லவில்லை. பத்து வருடமாக அம்மாதான் அந்த ஊசிகளைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். முடிக்கவும் மனமில்லை, எறியவும் மனமில்லை.

அன்றைக்கு எனக்கு இது ஒன்றும் தெரியாது. “மிச்ச நூல் எங்கை?” என்று அம்மா கேட்டபோது, பறிமுதல் செய்யப் போகிறார் என்று அழாக்குறையாகக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அம்மா சோபாவில் இருந்து, அந்தச் சுருண்ட நூலில் இரண்டு சின்னக் காலுறை பின்னத் தொடங்கினார். ஓர் ஓட்டை இல்லை. என் தொப்பியின் புகழ் போய்விடுமே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. பின்னப் பின்ன அம்மாவின் கண்ணால் நீர் வழிந்துகொண்டே இருந்தது.

நான் எழும்பிப் போய் அப்பாவிடம், அம்மாவுக்குப் பார்வை சரியில்லை, நத்தாருக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்கோ என்று சொன்னேன்.