மச்சான் பிடித்த பிடி

சங்கு குளிக்கிற கடலில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீருக்குள் இறங்குகிறவனின் கயிற்றை அவன் அண்ணன் தம்பி பிடிக்க மாட்டார்கள். மச்சான்தான் பிடிக்க வேண்டும். கூடப்பிறந்தவள் தாலி அறுத்துவிடக் கூடாதே என்று அந்தக் கை தூங்காது என்பார்கள். கயிறு போய், மூச்சுக் காற்று போகிற ரப்பர் குழாய் வந்த பிறகும் தூத்துக்குடிக் கரையில் பலர் இந்த வழக்கத்தை விடவில்லை. இனிகோவும் அப்படித்தான் தன் தங்கை மெட்டில்டாவின் புருஷன் ரெக்சனுக்குக் குழாய் பிடித்து வந்தான்.

இனிகோ கல்யாணம் முடிக்கவில்லை. யாராவது கேட்டால், "தங்கச்சி வைக்கிற குழம்பு நல்லாத்தான இருக்கு, அது போதும்" என்பான். காலைப் பூசைக்குப் போவான், கடலுக்குப் போவான், தங்கை வீட்டில் சாப்பிடுவான். வேறு ஆசை என்று ஒன்றையும் அவன் வாயால் யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் நடுக்கடலில், ரெக்சன் அடியில் இருக்கும்போது, படகில் காற்று அடிக்கிற இயந்திரம் நின்றுபோனது. இனிகோ மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே கைக்கு மேல் கை போட்டு இழுத்தான். ரெக்சன் உயிரோடு மேலே வந்தான். ஆனால் கரை சேருவதற்குள் அவன் வலது பக்கம் மரத்துவிட்டது. ஆழத்திலிருந்து அத்தனை வேகமாக மேலே வந்ததால்தான் நரம்பு கெட்டது என்றார் டாக்டர். இழுக்காமல் விட்டிருந்தால் ஆளே இருந்திருக்க மாட்டான் என்றும் அவரேதான் சொன்னார். அவர் சொன்ன இரண்டில் முதலாவது மட்டும் இனிகோவின் நெஞ்சில் தைத்து நின்றுவிட்டது.

அதோடு இருவருக்கும் கடல் முடிந்தது. மெட்டில்டா இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். இனிகோ ஊருக்கு வெளியே ஒரு தொழிற்சாலைக் குடியிருப்பின் கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டப் போனான். ரெக்சன் வீட்டில் இருந்தான். கம்பு ஊன்றி வாசல்வரை வருவான், தெருவைப் பார்ப்பான், திரும்பிப் போய்ப் படுப்பான். மனைவி வேலைக்குக் கிளம்பும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். ஒருநாள் இனிகோவிடம் சொன்னான்: "மச்சான், சாயங்காலம் ஒவ்வொருத்தனும் வேலையிலேருந்து வீட்டுக்கு வருதாம்பாரு, அந்த மாரி ஒரு நாளாவது நானும் வரணும்."

அந்தச் சொல்லோடுதான் இனிகோ மைதானத்துப் பயிற்சியாளர் முத்துச்செல்வத்திடம் போய் நின்றான். அங்கே ஓர் ஆள் தேவைப்பட்டது. மட்டைகளைத் துடைக்க வேண்டும், தேய்ந்த கைப்பிடிக்குப் புது ரப்பர் மாட்ட வேண்டும், புதிதாகப் பழக வருகிறவர்களுக்கு மட்டையை எப்படிப் பிடிப்பது என்று காட்டித் தர வேண்டும்.

"உக்காந்து செய்யுத வேலைதான் அண்ணாச்சி முக்காவாசி" என்றார் முத்துச்செல்வம். "ஆனா பிடி காட்டும்போது நிக்கணும். ரெண்டு கையும் மட்டையில இருக்கும், கம்பு ஊன முடியாது. மேடும் பள்ளமுமான தரை. உங்க மாப்பிள விழுந்து வச்சா என்னையத்தான் கேப்பாவ. பழக்கிக் கூட்டிட்டு வாங்க, பாப்போம்."

தலை உடைந்த பழைய மட்டை ஒன்றையும் கொடுத்து, பிடிக்கிற முறையையும் காட்டி அனுப்பினார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் வேறு பேச்சில்லை. முதலில் இடது கை. மட்டையை உள்ளங்கையில் வைக்கக் கூடாது, விரல்கள் தொடங்குகிற இடத்தில் குறுக்கே கிடக்க வேண்டும். விரல்களை மூடி, பெருவிரலை மட்டையின் மேல் நீளவாக்கில் படுக்க வைக்க வேண்டும். அதற்குக் கீழே வலது கை. வலது சுண்டுவிரல் இடது கையின் ஆள்காட்டி விரலோரத்தில் ஏறி உட்கார வேண்டும். வலது கைக்கு அதிக வேலை இல்லை, இடது கையின் மேல் சாய்ந்திருந்தால் போதும். இதைக் கேட்டதும் ரெக்சனின் முகம் தெளிந்தது.

"எனக்குன்னே கண்டுபிடிச்ச மாரில்லா இருக்கு."

ஆனால் அவன் பெருவிரல்தான் சொன்னபடி கேட்கவில்லை. கயிறு பிடித்து வளர்ந்த கைக்குப் பெருவிரலை மேலே நீட்டி வைக்க வராது. கயிறு வெட்டி இழுத்தால் முதலில் போவது அந்த விரல்தான். ஆகவே அது தானாகவே மடங்கி மற்ற விரல்களோடு பூட்டிக்கொண்டது. பிடியும் இறுகிப்போய் விரல் முட்டி வெளுத்தது.

வேலை முடிந்து வந்த மெட்டில்டா வாசலில் நின்று பார்த்தாள். "என்ன, ரெண்டு பேரும் உலக்க பிடிக்கப் படிக்கியளா? எங்கிட்டக் கேட்டா சொல்லித் தரமாட்டனா?"

"ஏளா, சும்மா போ. இது துரைமாரு உலக்க" என்றான் இனிகோ.

"துரைமாரு உலக்கன்னா அரிசி தானா வெளுத்துருமோ?"

ரெக்சன் சிரித்துவிட்டான். அவன் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. மெட்டில்டா சட்டென்று அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இறுக்கத்தைத் தளர்த்த இனிகோதான் ஒரு வழி கண்டான். "மாப்பிள, கோயில்ல பூசையில கையில நன்மை அப்பம் வாங்குதோம்லா, எப்பிடிப் பிடிக்கோம்? நசுக்கவும் மாட்டோம், கீழ விடவும் மாட்டோம். அம்புட்டுத்தான் இது."

ரெக்சன் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தான். பெருவிரல் மெல்ல இறங்கி, மட்டையின் மேல் படுத்தது.

நிற்பதும் பழகினான். தொடக்கத்தில் இனிகோ பின்னால் நின்று அவன் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொள்வான். பிறகு இரண்டு விரலால் மட்டும் பிடித்தான். பிறகு தொடாமல் நின்றான். ரெக்சன் இரு கையிலும் மட்டையோடு, கம்பு இல்லாமல், ஒரு கர்த்தர் கற்பித்த செபம் சொல்லி முடிக்கும்வரை ஆடாமல் நின்றான். ஓடு தாழ்ந்த வீடு என்பதால் மட்டையை ஓங்கிச் சுற்றிப் பார்க்க மட்டும் அங்கே இடமில்லை.

கூட்டிப்போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் ரெக்சன் சொன்னான்: "மச்சான், நாளைக்கி நீ எம் பின்னால நிக்கப்படாது."

"சரி மாப்பிள."

"நிக்கமாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணு."

"மாதா மேல சத்தியம் பண்ணுனா சாமியார் ஏசுவாரு."

"அப்ப எம் மேல பண்ணு."

இனிகோ அவன் தோளைத் தொட்டுச் சத்தியம் செய்தான்.

மறுநாள் வெயில் தாழ்ந்ததும் ஆட்டோவில் போனார்கள். ரெக்சன் வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்திருந்தான். மைதானத்தில் துறைமுகப் பக்கமிருந்து காற்று வீசியது. முத்துச்செல்வம் கம்பை வாங்கிக்கொண்டு மட்டையைக் கொடுத்தார்.

"நான் புதுசா வந்த ஆளுன்னு வச்சுக்கிடுங்க. சொல்லிக் குடுங்க பாப்போம்."

ரெக்சன் சொல்லிக் கொடுத்தான். விரலோரம், பெருவிரல், சுண்டுவிரல் எல்லாவற்றையும் ஒன்றொன்றாகக் காட்டினான். குரலில் நடுக்கமில்லை. "இறுக்கிப் பிடிச்சியன்னா கை செத்துரும் சார். உயிரோட பிடிக்கணும்" என்றான். முத்துச்செல்வம் இனிகோவைப் பார்த்துத் தலையசைத்தார். இனிகோ இரண்டடி தள்ளி, சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மனதுக்குள் செபமாலை ஓடிக்கொண்டிருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ரெக்சனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இப்பிடிச் சுத்துனாலும் பிடி மாறாது, பாத்துக்கிடுங்க" என்று மட்டையைப் பின்னால் ஓங்கினான். அவன் உடம்பு திரும்பியது. இடது குதிகால் தரையைவிட்டு எழும்பியது.

மட்டையை ஓங்குகிற எல்லாருக்கும் குதிகால் அப்படித்தான் எழும்பும். புல் வெட்டிக்கொண்டே இனிகோ அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். ஆனால் அந்த நொடியில் அவன் கண்ணுக்குத் தெரிந்தது, நல்ல கால் தரையைவிட்டுப் போகிறது என்பது மட்டும்தான். கட்டியிருந்த கை எப்போது அவிழ்ந்தது என்று அவனுக்கே தெரியாது. பாய்ந்து போய் ரெக்சனின் பெல்ட்டை இரண்டு கையாலும் பற்றிவிட்டான்.

மட்டை பாதியில் நின்றது.

பற்றிய பிறகுதான் இனிகோவின் கைக்குப் புரிந்தது. அந்த உடம்பு சாயவில்லை. மரத்துப்போன அந்த வலது கால், முழுப் பாரத்தையும் தாங்கிக்கொண்டு, நட்ட கல் போல் நின்றுகொண்டிருந்தது.



"அவன் விழல சார்" என்றான் இனிகோ. "நல்லாத்தான் நின்னான். நாந்தான் தெரியாம..."

முத்துச்செல்வம் நல்ல மனிதர். மெதுவாகத்தான் சொன்னார். "அண்ணாச்சி, தினமும் கூட இருந்து பாக்குத ஆளு நீங்க. உங்களுக்கே நம்பிக்க இல்லன்னா, நான் எப்பிடி நம்புவேன்?"

"இன்னொரு தடவ பாருங்க. நான் அங்கன போயிருதேன்."

இனிகோ தூரத்தில் நின்ற உடைமரத்தடிக்குப் போய் முதுகைக் காட்டி நின்றான். ரெக்சன் மறுபடி மட்டையைப் பிடித்தான். ஆனால் பெருவிரல் மடங்கிப் பூட்டிக்கொண்டது. முட்டி வெளுத்தது. கால் நடுங்கத் தொடங்கியது. அவனே மட்டையை நீட்டினான். "கம்பக் குடுங்க சார்."

ஆட்டோவில் திரும்பினார்கள். உப்பளத்துச் சாலை முழுக்க இனிகோ வெளியே பார்த்தபடி வந்தான். வீட்டு வாசலில் மெட்டில்டா, வேலைக்குப் போன சேலையை மாற்றாமல் நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"என்னாச்சு?"

இனிகோ வாயைத் திறந்தான். அதற்குள் ரெக்சன் முந்திக்கொண்டான். "தரை சரியில்ல. கால் பிசகிட்டு. மச்சான் மட்டும் பிடிக்காட்டா மண்ட ஒடஞ்சிருக்கும். இதுக்கு நம்ம ஒடம்பு தோதுப்படாது, விடு."

மெட்டில்டா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு அண்ணன் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "மாதாதான் ஒன் கையில வந்து நின்னுருக்கா அண்ணே. கடல்லயும் நீதான் பிடிச்ச, இன்னைக்கும் நீதான் பிடிச்ச."

இனிகோ ரெக்சனைப் பார்த்தான். ரெக்சன் தலையை ஆட்டினான், வேண்டாம் என்பது போல.

சாப்பிட உட்கார்ந்தார்கள். நல்ல செய்தியோடு வருவார்கள் என்று மெட்டில்டா அன்று சீலா மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். நடுத்துண்டை எடுத்து அண்ணன் தட்டில் வைத்தாள். ரெக்சன் இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே, நிமிராமல் சொன்னான்:

"சாப்பிடு மச்சான். ஆறிரும்."

இனிகோ சோற்றில் கை வைத்தான். அந்தக் கையை வாய்வரை கொண்டுபோக அவனால் முடியவில்லை.