அந்தோனியாரின் பிள்ளை

புனிதமலரக்கா இத்தாலியிலிருந்து வந்து இறங்கிய அன்று சிலாவத்தையில் பாதிச் சனம் அவருடைய முற்றத்தில் நின்றது. சிலருக்குச் சொக்லேட் வேண்டும், சிலருக்குக் கதை வேண்டும். "மதில் பார்த்தன், மலை ஏறினன், ஒரே குளிர். போங்கோ, போய் உலையை வையுங்கோ" என்று எல்லாரையும் கலைத்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரி என்ற உரிமையில் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்த எனக்கு மட்டும் தேத்தண்ணி ஊற்றினார். அதனால்தான் இந்தக் கதை எனக்கு முழுதாகத் தெரியும்.

சாமான் தொலைந்தால் எங்கள் கரையில் அந்தோனியாரைத்தான் கேட்பார்கள். அவர் தேடித் தராவிட்டால் புனிதமலரக்கா வீட்டில் இன்னொரு படி மேலே போவார்கள். வீட்டில் சிலையாக நிற்கும் சுருவத்தின் கையில் இருக்கும் குழந்தை யேசுவைக் கழற்றி ஒளித்து வைத்துவிடுவார்கள். என் சாமானைத் தா, உன் பிள்ளையைத் தருகிறேன் என்று பேரம். அக்காவின் தாயார் தொலைந்த நங்கூரம் ஒன்றை இப்படித்தான் மீட்டாராம்.

அக்கா கேட்டது நங்கூரம் இல்லை. சண்டை முடிந்த நாளில் பாலத்தடியில், "விசாரிச்சிட்டு விடுவம்" என்று சொல்லி ஆமிக்காரர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோன மகன் ரஜிதனை. அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பியதும் அவர் முதலில் வாங்கியது அந்தோனியார் சுருவம். வாங்கிய அன்றே பெருவிரல் அளவான அந்தப் பிள்ளையைக் கழற்றி அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தார். பங்குத்தந்தை கண்டுவிட்டு முகம் சுளித்தார். "பாதர், இது எனக்கும் அவருக்கும் இடையில உள்ள கதை. நீங்கள் நடுவில வராதேங்கோ" என்றார் அக்கா. சந்தையில் கருவாடு விற்ற வாய் அது. பாதர் படியிறங்கிவிட்டார்.

மகனின் படத்தைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்காத தெரு இல்லை, ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. எங்கேயும் ஒரு சொல் கிடைக்கவில்லை. அந்தோனியாரும் வெறுங்கையோடு மேசையில் நின்றார்.

இந்த நேரத்தில்தான் இத்தாலிக்குக் கலியாணம் கட்டிப்போன மகள் ஜெயரூபினி, வந்து மூன்று மாதம் நில்லுங்கோ என்று கூப்பிட்டாள். அவள் இருப்பது பதுவையில். அந்தோனியாரின் கல்லறை இருக்கும் அதே பதுவையில்! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. விசாவுக்கு அலைந்து அலைந்து அக்காவின் செருப்புத் தேய்ந்தது. கடைசியில் கிடைத்தது. கணவர் ஸ்ரனிஸ்லஸ் கடலையும் வள்ளத்தையும் விட்டு வரமாட்டேன் என்றார். பிள்ளையைக் கைலேஞ்சித் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு அக்கா தனியே விமானம் ஏறினார். ஆள் இருக்கிற இடத்துக்கே போய்க் கேட்டால் தட்டமாட்டார் என்பது அவர் எண்ணம்.

போய் இறங்கியது வெள்ளிக்கிழமை. உடனே கோயிலுக்குப் போவோம் என்று மகள் கேட்க, அக்கா மறுத்துவிட்டார். "செவ்வாய்தான் அவரிட நாள். மற்ற நாளில போய் என்னத்தைக் கேக்கிறது?" அந்த இடைவெளியில்தான் ஊர் பார்த்தார்கள்.

சித்தாதெல்லா என்ற ஊரைச் சுற்றி வட்டமாக ஒரு மதில். அதன் மேலேயே நடக்கலாம். மருமகன் நிறோஜன் வழிகாட்டிபோல முன்னால் நடந்தான். "எத்தினையோ சண்டை கண்ட மதில் மாமி. இன்னும் அப்பிடியே நிக்குது" என்றான்.

"மதில் நிக்குது, சரி. உள்ளுக்க இருந்த சனம் என்ன ஆனது?" என்று கேட்டார் அக்கா. நிறோஜன் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான்.

அடுத்த நாள் மொந்தஞானா. அங்கேயும் மதில், கோபுரம், புல் முளைத்த அகழி. "இவ்வளவு தண்ணி ஓடின இடமெண்டால் மீன் இருந்திருக்கும்" என்பதே அக்காவின் கருத்து. பின்னேரம் மொன்செலிச்சே. அங்கே மலைப்பாதையில் வரிசையாக ஏழு சின்னக் கோயில்கள். முழங்கால் வலியோடு ஏறிய அக்கா, ஒவ்வொன்றின் முன்னும் நின்று கைப்பைக்குள் கையை விட்டுப் பிள்ளையைத் தொட்டுக்கொண்டார். ஏழாவது கோயிலில் கைலேஞ்சி மட்டும்தான் கையில் வந்தது.

அக்காவுக்கு உயிரே போய்விட்டது. தொலைந்ததைத் தேடித் தருகிறவரின் பிள்ளையையே தொலைத்துவிட்டு யாரிடம் போய்க் கேட்பது? அழுதுகொண்டே கல்லுக் கல்லாகத் தடவிக்கொண்டு இறங்கினார். நிறோஜன் நல்ல காற்சட்டையோடு முழங்காலில் தவழ்ந்து தேடினான். வந்த வெள்ளைக்காரர்களும் என்ன ஏதென்று தெரியாமலே குனிந்து தேடினார்கள். ஜெயரூபினி மட்டும் ஓரமாக நின்றாள்.

இருட்டுப்படக் காருக்குள் ஏறிய பிறகுதான் அவள் தன் கோட்டுப் பையிலிருந்து பிள்ளையை எடுத்து நீட்டினாள்.

"கோவிலுக்குள்ள இதோட விழுந்து அழுவீங்களெண்டு பயமாக் கிடந்தது அம்மா. துலைஞ்சுபோச்சுதெண்டால், உங்களுக்கும் இது ஒருமாதிரி விட்டுப்போகுமெண்டு நினைச்சன்." அவளும் அழுதாள். அவளுக்கும் அவன் அண்ணன்தானே.

அக்கா கத்தினார். "எடுத்தனியெண்டால் எடுத்தனெண்டு சொல்லடி! இங்கதான் வைச்சிருக்கிறன், பத்திரமா இருக்குதெண்டு ஒரு சொல்லுச் சொல்லன்! நான் குழறித் திரியேக்க பார்த்துக்கொண்டு நிண்டனியே, உனக்கு மனசெண்டு ஒண்டு..."

அதோடு நின்றுவிட்டார். இதே சொற்களைத்தான் கந்தோர் வாசல்களில் இத்தனை வருடமாகச் சொல்லி வந்தார். உள்ளங்கையில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். முதன்முதலில் இதை எடுத்து ஒளித்தவர் யார்? பிள்ளையைத் திரும்பவும் கைலேஞ்சியில் சுற்றினார்.

செவ்வாய்க்கிழமை கல்லறைக்குப் போனார்கள். வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கல்லில் கையை வைத்துக் கும்பிடும் இடம். பக்கத்தில் சனம் கொண்டுவந்து வைத்த படங்கள், எல்லாம் யாரோ பெற்ற பிள்ளைகள். அக்கா ஒரு கையைக் கல்லில் வைத்தார். மற்றக் கையில் பிள்ளை. பேரம் பேசப் போனவர் பேரம் பேசவில்லை.

"அந்தோனியாரே, உன்ர பிள்ளை என்னட்டைத்தான் இருக்கு. நான்தான் எடுத்தனான். ஒரு குறையுமில்லாமல் வைச்சிருக்கிறன். வீட்டை போனவுடன உன்ர கையில தாறன்." அவ்வளவுதான் சொன்னாராம்.

தேத்தண்ணி ஆறிவிட்டது. திரும்பிப் பார்த்தேன். மேசையில் அந்தோனியார் பிள்ளையோடு நின்றார். பிள்ளையின் காலடியில் பசை இன்னும் காயவில்லை.

எனக்கு மனம் கேட்கவில்லை. "ஏனக்கா, ரஜிதன் வராமலே குடுத்திட்டியள்? இனி அவரை என்னத்தைச் சொல்லிக் கேப்பியள்?" என்றேன்.

"கேட்டுக்கொண்டுதான் இருப்பன். ஆனா ஒரு பிள்ளையை ஒளிச்சு வைச்சுக்கொண்டு கேக்கமாட்டன்" என்றார் புனிதமலரக்கா. "பிள்ளையை எடுத்த நான் எடுத்தனெண்டு சொல்லிப்போட்டன். இனி மற்ற ஆக்கள் சொல்லட்டும்."